புதுப்பிப்பு: கைப்பையில் வாட்டர்கலர், வெனிஸ் போய் வந்தாச்சு

விமானத்தில் கைப்பை மட்டும் எடுத்துக்கொண்டு இத்தாலி போகிறேன், வாட்டர்கலர் டியூப்களை என்ன செய்வது, தாள் நெளியாமல் இருக்க என்ன வழி என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் ரொம்ப நன்றி.

டியூபைப் பிழிந்து குட்டி டப்பிகளில் காயவைக்கச் சொன்னீர்களே, அதுதான் கைகொடுத்தது. விமானக் கைப்பைக்கான 100 மில்லி திரவக் கட்டுப்பாட்டைப் பற்றிக் கவலையே இல்லை, 12 நிறமும் உள்ளங்கை அகலப் பெட்டியில் அடங்கிவிட்டன. 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம் எடை) பருத்தித் தாளும் கிட்டத்தட்ட நெளியவே இல்லை.

எதிர்பாராதது ஒன்று: தேன் சேர்த்த வண்ணம் சில சமயம் முழுசாகக் காயாது. ஒரு வாரம் வைத்தும் பிசுபிசுப்பு போகவில்லை, பெட்டி சாய்ந்ததில் நீலம் வழிந்து மஞ்சளையும் கெடுத்துவிட்டது. காயவைப்பதற்கு முன் டியூபில் தேன் என்று போட்டிருக்கிறதா பாருங்கள்.

அப்புறம் நவம்பர் ஈரக்காற்று. கரையில் உட்கார்ந்து எதிரே தீவில் தெரிந்த சான் ஜார்ஜோ மஜ்ஜோரே தேவாலயத்தை வரைந்தேன், வானம் காய்வதற்குள் மணிக்கோபுரத்தை வைத்ததில் விளிம்பு கலைந்து சாம்பலாகப் பரவியது. அன்றைய மூடுபனி அப்படியே தாளில் வந்திருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்த படம் அதுதான்.