பத்து வாரக் குழந்தையின் மலத்தில் ரத்தக் கீற்று: அம்மா பால் குடிப்பதை நிறுத்தத்தான் வேண்டுமா?

தஞ்சாவூர் புது அம்மா:
என் மகனுக்குப் பத்து வாரம். தாய்ப்பால் மட்டும்தான் கொடுக்கிறேன். போன வாரம் துணி மாற்றும்போது மலத்தில் சளி போல வழவழப்பு, அதன் நடுவே சிவப்பு நூல் கிடப்பது போல ரத்தக் கீற்று. மூன்று நாளில் நான்கு தடவை பார்த்துவிட்டேன். நன்றாகக் குடிக்கிறான், எடையும் ஏறுகிறது. ஆனால் சாயங்காலம் ஆறு மணிக்கு ஆரம்பித்தால் ஒன்பது வரை வீறிட்டு அழுகிறான். டாக்டர் பார்த்துவிட்டு, மாட்டுப்பால் புரதம் சேராமல் இருக்கலாம், நீங்கள் பால், தயிர், மோர், நெய் எல்லாவற்றையும் சில வாரம் நிறுத்திப் பாருங்கள் என்றார். அத்தை ஒத்துக்கொள்ளவில்லை. பெற்றவள் பால் குடிக்காவிட்டால் பிள்ளைக்குப் பால் எப்படி ஊறும் என்கிறார். ஏற்கெனவே பத்தியத்தில் பாதிச் சாப்பாடு போய்விட்டது. பூண்டுப் பாலும் இரண்டு வாய் தயிர் சாதமும்தான் மிச்சம். அதையும் விட வேண்டுமா?

இரண்டு பிள்ளைத் தாய்:
யோசிக்காதே தங்கச்சி, இன்றைக்கே நிறுத்து. என் மூத்தவளுக்கு இதேதான். நிறுத்திய ஐந்தாம் நாள் ரத்தம் நின்றது. பால், தயிர் மட்டும் விட்டால் போதாது. பிஸ்கட், ரொட்டி, சாக்லேட், பனீர், பால்கோவா, பால் பவுடர் கலந்த சத்துமாவு எல்லாவற்றிலும் பால் ஒளிந்திருக்கும். கடையில் வாங்கும் பொருள் ஒவ்வொன்றின் பின்பக்கத்தையும் படி. நான் பதினோரு மாதம் பாலைக் கண்ணால் பார்க்கவில்லை. கஷ்டம்தான். ஆனால் அந்தச் சிவப்பை மறுபடி பார்ப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

குழந்தைகள் வார்டு செவிலி:
அக்கா, உங்களிடம் ஒரு கேள்வி. ரத்தம் நின்ற பிறகு எப்போதாவது பாலை மறுபடி குடித்துப் பார்த்தீர்களா? இல்லையென்றால், பாலை நிறுத்தியதால்தான் நின்றதா, தானாகவே நின்றதா என்று எப்படித் தெரியும்? 2006-இல் பின்லாந்து மருத்துவர்கள் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். மலத்தில் ரத்தம் போன 40 கைக்குழந்தைகளைப் பார்த்ததில், பால் ஒவ்வாமை என்று உறுதியானது 7 பேருக்குத்தான். மற்றவர்களில் பெரும்பாலோருக்குத் தானாகவே சரியாகிவிட்டது. ஆசனவாயில் சின்ன வெடிப்பு இருந்தாலும் ரத்தம் வரும். அம்மாவின் மார்புக்காம்பு வெடித்து, அந்த ரத்தத்தைக் குழந்தை விழுங்கியிருந்தால்கூட மலத்தில் வரலாம். சாயங்கால அழுகைக்கும் பாலுக்கும் முடிச்சுப் போட வேண்டாம். பல குழந்தைகளுக்கு ஆறாவது வாரத்தில் உச்சத்துக்குப் போகும், மூன்று நான்கு மாதத்தில் அடங்கும்.

இரண்டு பிள்ளைத் தாய்:
குடித்துப் பார்க்கவில்லை. ஏன் பார்க்க வேண்டும்? துணியில் ரத்தத்தைப் பார்த்துவிட்டு, அது நின்றதும், வா மறுபடி வரவழைத்துப் பார்க்கலாம் என்று எந்தத் தாய்க்கு மனசு வரும்? நாற்பதில் ஏழு என்கிறீர்கள். அந்த ஏழில் என் பிள்ளை ஒருத்தி என்றால் மற்ற 33 பேரால் எனக்கு என்ன?

ஒரு மாமியார்:
நானும் ஒரு மாமியார்தான், ஆனால் மருமகள் பக்கம் நின்று சொல்கிறேன். எங்கள் வீட்டிலும் இதே பேச்சு வந்தது. முதலில் பால், அப்புறம் முட்டை, அப்புறம் கடலை, கோதுமை, மீன் என்று ஒவ்வொன்றாக நிறுத்தினாள். நான்கு மாதத்தில் கன்னம் ஒட்டி, ராத்திரி பிள்ளையோடு சேர்ந்து அவளும் அழுதாள். பால் கொடுப்பதையே விட்டுவிடலாமா என்று கேட்டாள். பிள்ளையைப் பார்ப்பவர்கள் பெற்றவளையும் பாருங்கள். சந்தேகம் என்ற ஒரு வார்த்தைக்காக அவள் வயிற்றைக் காயப்போடக் கூடாது.

ஓசூர் அப்பா:
இவ்வளவு சிரமம் எதற்கு? லாக்டோஸ் இல்லாத பால் கிடைக்கிறது, இல்லாவிட்டால் ஆட்டுப்பால் குடிக்கலாம். அதுவும் முடியாது என்றால் குழந்தைக்கு டின் பால் மாற்றிவிட்டால் அம்மா நிம்மதியாகச் சாப்பிடலாமே.

குழந்தைகள் வார்டு செவிலி:
நல்ல மனதோடுதான் சொல்கிறீர்கள். ஆனால் மூன்றுமே இந்தத் தொந்தரவுக்கு உதவாது. லாக்டோஸ் என்பது பாலில் உள்ள சர்க்கரை. அம்மா பால் குடித்தாலும் குடிக்காவிட்டாலும் தாய்ப்பாலில் 100 மில்லிக்குச் சுமார் 7 கிராம் லாக்டோஸ் இருந்தே தீரும். இங்கே சந்தேகப்படுவது சர்க்கரையை அல்ல, புரதத்தை. மாட்டுப்பாலில் பீட்டா லாக்டோகுளோபுலின் என்று ஒரு புரதம் உண்டு, மனிதப் பாலில் அது கிடையாது. அம்மா குடித்த பாலிலிருந்து அதில் துளியூண்டு தாய்ப்பாலில் கலந்து குழந்தைக்குப் போகிறது. ஆட்டுப்பால், எருமைப்பால் புரதமும் கிட்டத்தட்ட அதே ஜாடைதான், மாட்டுப்பால் சேராத குழந்தைக்குப் பெரும்பாலும் அவையும் சேராது. சாதாரண டின் பாலோ மாட்டுப்பாலில் செய்ததே. தாய்ப்பாலில் துளியாகப் போனது டின்னில் முழுசாகப் போகும். தாய்ப்பாலை நிறுத்தவே வேண்டாம்.

மாமியார் அம்மா, நீங்கள் சொன்னதுதான் என் பயமும். நிறுத்திப் பார்ப்பதை நான் எதிர்க்கவில்லை. முடிவு தேதி இல்லாமல் நிறுத்துவதைத்தான் எதிர்க்கிறேன். இந்த வகை ஒவ்வாமைக்கு ரத்தப் பரிசோதனை உதவாது. நிறுத்துவது, கவனிப்பது, மறுபடி குடிப்பது, இதுதான் பரிசோதனை. இரண்டிலிருந்து நான்கு வாரம் முழுசாக நிறுத்துங்கள். குறைந்தால் டாக்டரிடம் சொல்லிவிட்டு மறுபடி குடித்துப் பாருங்கள். குறையவே இல்லை என்றால் பால் காரணமாக இருக்க வாய்ப்பு குறைவு. அடுத்து என்ன என்று டாக்டரிடம் கேளுங்கள், நீங்களாக முட்டை, மீன் என்று ஒவ்வொன்றாக நிறுத்திக்கொண்டே போகாதீர்கள். முகம் வீக்கம், உடம்பெல்லாம் தடிப்பு, மூச்சுத் திணறல் எப்போதாவது வந்த குழந்தைக்கு, மறுபடி குடித்துப் பார்க்கும் இந்தச் சோதனையை வீட்டில் செய்யக் கூடாது. காய்ச்சல், பச்சை வாந்தி, ஜெல்லி போல ரத்த மலம், விட்டு விட்டுக் கால்களை மடக்கிக் கதறுவது, துவண்டு போவது, இவற்றில் எது இருந்தாலும் இங்கே எழுதிக்கொண்டிருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

இரண்டு பிள்ளைத் தாய்:
நான்கு வாரம், அப்புறம் குடித்துப் பார்ப்பது. சரி, இது எனக்கு அன்றைக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் செய்திருப்பேனா தெரியாது. இருந்தாலும் நிறுத்து என்று சொன்னதில் நான் மாறவில்லை.

தஞ்சாவூர் புது அம்மா:
ஐந்து வாரம் கழித்து வருகிறேன். டாக்டரிடம் கேட்டுவிட்டு, நான்கு வாரம் என்று காலண்டரில் வட்டம் போட்டு நிறுத்தினேன். முதல் வாரம் மாற்றமே இல்லை, மூன்று தடவை கீற்று வந்தது. ஏழாம் நாள்தான் கண்டுபிடித்தோம், அத்தை பொங்கலுக்கு நெய் ஊற்றியிருக்கிறார். துளி நெய்யில் என்ன என்று நினைத்திருக்கிறார். நெய்யிலும் கொஞ்சம் புரதம் ஒட்டிக்கொண்டிருக்கும் என்று டாக்டர் விளக்கிய பிறகு அதையும் விட்டோம். பதினைந்தாம் நாளுக்கு அப்புறம் துணி சுத்தம்.

வட்டம் போட்ட நாளில் ஒரு டம்ளர் பால் குடித்தேன். கை நடுங்கியது. முதல் நாள் ஒன்றும் இல்லை. இரண்டாம் நாளும் இல்லை, தயிர் சாதம் சாப்பிட்டேன். மூன்றாம் நாள் விடியற்காலை அதே சிவப்பு நூல். அழுகை மட்டும் பால் குடித்த நாட்களிலும் குடிக்காத நாட்களிலும் ஒரே மாதிரிதான் இருந்தது, இப்போது தானாகக் குறைகிறது.

குழந்தைகள் வார்டு செவிலி:
அப்படியானால் உங்கள் மகன் அந்த ஏழு பேர் பக்கம், சகோதரி. எனக்கு இருந்த சந்தேகம் தீர்ந்தது. இனி நிறுத்துவதற்குக் காரணம் கையில் இருக்கிறது. பெரும்பாலான குழந்தைகளுக்கு ஒரு வயதையொட்டிச் சேர ஆரம்பிக்கும். எப்போது, எப்படி மறுபடி கொடுப்பது என்பதை டாக்டர் சொல்வார். அதுவரை உங்கள் எலும்பைக் கவனியுங்கள். பாலூட்டும் தாய்க்கு நாளைக்கு 1200 மில்லிகிராம் கால்சியம் தேவை என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) சொல்கிறது. 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 இருக்கிறது. எள், முருங்கைக்கீரை, முள்ளோடு சாப்பிடும் நெத்திலி எல்லாம் நல்லது. ஆனாலும் சாப்பாட்டில் மட்டும் 1200 எட்டுவது கடினம், கால்சியம், வைட்டமின் டி மாத்திரை பற்றிக் கேட்டுவிடுங்கள். பால் குடிக்காவிட்டால் சுரக்காது என்ற கவலை வேண்டாம், பிள்ளை சப்பச் சப்பத்தான் ஊறும்.

ஒரு மாமியார்:
நிரூபணம் ஆகிவிட்டது என்றால் நானும் தடுக்கவில்லை. தேங்காய்ப்பால் ஊற்றிக் கேழ்வரகுக் கூழ் காய்ச்சிக் கொடுங்கள், கருப்பட்டி போட்டு. என் மருமகளுக்கு அப்போது இது தோன்றவில்லையே என்று இருக்கிறது.

தஞ்சாவூர் புது அம்மா:
கூழ் நேற்றே வந்துவிட்டது, அம்மா. அத்தைதான் காய்ச்சினார். மறுபடி வந்த அந்தக் கீற்றை முதலில் பார்த்ததும் அவர்தான், துணியை என்னிடம் காட்டிவிட்டு ரொம்ப நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தார். இன்று காலை மளிகைச் சாமான் வந்தது. மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு பிஸ்கட் பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படித்துப் பார்த்து, இதில் பால் பவுடர் இருக்கிறது, இது உனக்கு வேண்டாம் என்று தனியாக எடுத்து வைத்தார்.