கொட்டிலுக்க கிடக்கிற ஆமி லொறி

குழு: எங்கட வீட்டார் 🏡

வெள்ளி, மாலை 6:12

நான்: லின்ட்சேயில எங்கட காணிக்குப் பக்கத்துக் கிழவர் போயிட்டார். செத்தவீடும் முடிஞ்சுதாம். மகள் இப்பதான் ஃபோன் எடுத்தா. திங்கள் காலமை கொட்டிலை இடிக்கினம். உள்ளுக்க ஒரு பழைய ஆமி லொறி. ஞாயிறு பின்னேரத்துக்குள்ள எடுத்தா சும்மா தாறாவாம்

நான்: 📷 📷 📷

பெரியக்கா: ஞாயிறோ???

அம்மா: ஐயோ நல்ல மனுசன். தக்காளிக் கண்டு தந்தவர்

பெரியக்கா: ஞாயிறு என்ர பிள்ளைக்குச் சாமத்திய வீடு. எல்லாருக்கும் ஞாபகம் இருக்கோ

சின்ன மாமா: படத்தில முன்கண்ணாடியைப் பாருங்கோ. மேல் விளிம்பு முன்னுக்குத் தள்ளி, கீழ் விளிம்பு உள்ளுக்கு. வானத்தில போற பிளேனுக்கு வெயில் மின்னிக் காட்டிக் குடுக்காமல் இருக்க அப்பிடிச் சரிச்சது. இது சீஎம்பி, ரெண்டாம் உலகப்போருக்குக் கனடாவில செய்த ஆமி லொறி. 13ஆம் நம்பர் கப், அதாவது சாரதி இருக்கிற கூடு. 1941 கடைசிக்குப் பிறகு வந்தது. ஃபோர்ட்டும் செவ்ரொலேயும் ஒரே முகத்தோட செய்தவை. பொனெற்றைத் திறந்து பார். ஆறு சிலிண்டர் ஒரே வரிசை, ரேடியேற்றருக்கு மேல ஒரு ஹோஸ் எண்டா செவ்ரொலே. வி8, மேல ரெண்டு ஹோஸ் எண்டா ஃபோர்ட்

நான்: ஆறு. ஒரு ஹோஸ்

சின்ன மாமா: ஒஷாவாப் பிள்ளை 😀 செவ்ரொலே அங்கதான் செய்தது. 216 கன அங்குலம், 85 குதிரை

மாமி: தொடங்கிட்டார்

குட்டி: கனடா 4 லட்சத்துக்கு மேல சீஎம்பி செய்ததாம். எல்லா ஆமி வாகனமும் சேர்த்தா 8 லட்சத்தைத் தாண்டுதாம்

சின்ன மாமா: ஓம். ஃபோர்ட் சசியை, அடிச்சட்டத்தை, இந்தியாவுக்கு அனுப்பி, ஜம்ஷெட்பூரில கவசம் போட்டும் ஓட்டினவை. தம்பி, அளவு நாடா இருக்கோ? முன் அச்சு நடுவில இருந்து பின் அச்சு நடுவுக்கு அள

நான்: 101 அங்குலம்

சின்ன மாமா: முன் அச்சில டிஃபரன்சல் உருண்டை இருக்கோ

நான்: இருக்கு. முழுக்க ரக்கூன் பீ

சின்ன மாமா: அப்ப சீ15ஏ. 15 ஹண்ட்ரட்வெயிற், அதாவது முக்கால் தொன் சாமான் ஏத்தும், நாலு சில்லும் இழுக்கும்

அத்தான்: பற்றறி ஒண்டு கொண்டுபோய் ஸ்ராட் பண்ணி ஓட்டிக்கொண்டு வரலாமே 😂

சின்ன மாமா: வேண்டாம் தம்பி, பகிடிக்கும் வேண்டாம். முதலாவது அது 6 வோல்ற். உம்மட 12 வோல்ற் பற்றறியைக் கொழுவினா பல்பும் இக்னிஷன் கொயிலும் போயிடும். ரெண்டாவது, உந்த 216 எஞ்சினுக்குக் கொனெக்ரிங் ரொட்டில ஒயிலை பம்ப் அழுத்தி அனுப்புறதில்லை. எஞ்சினுக்கு அடியில ஒயில் நிக்கிற சம்புக்குள்ள சின்னக் குழாய்கள் பீச்ச, ரொட் அடியில இருக்கிற கரண்டி அள்ளும். குழாயில பழைய ஒயில் களியா இறுகிக் கிடந்தா பெயரிங்குக்கு ஒயில் போகாது. பெயரிங் கழட்டிப் போடுற ஷெல் இல்லை, ரொட்டிலயே உருக்கி ஊத்தின வெள்ளை ஈயம். அஞ்சு நிமிசத்தில உருகிடும். சம்பைக் கழட்டித் துடைக்காமல் அந்த எஞ்சினைச் சுத்தவே கூடாது. மூண்டாவது, வால்வ் ஒண்டு ஒட்டிக்கிடக்கேக்க ஸ்ராட்டர் அடிச்சா புஷ் ரொட் வளையும்

அத்தான்: 🙏 விளங்கிச்சு

மாமி: இஞ்சேருங்கோ சாப்பாடு ஆறுது

அம்மா: பலகாரம் சுட நாளைக்கு எத்தினை மணிக்கு வாறியள் மச்சாள்?

சின்ன மாமா: சுத்துறதெண்டா வீட்டை வந்த பிறகு. பிளக் ஆறையும் கழட்டி, ஓட்டோமற்றிக் கியர்பொக்ஸ் ஒயிலும் அசிற்றோனும் சரிக்குச் சரி கலந்து ஒவ்வொரு சிலிண்டருக்கும் ரெண்டு மேசைக்கரண்டி. ரெண்டு நாள் ஊறவிட்டு, வால்வ் மூடியைக் கழட்டி வச்சுக்கொண்டு கைப்பிடியால மெதுவாச் சுத்தி, 12 வால்வும் ஏறி இறங்குதோ பாக்க வேணும்

மாமி: ஏழு மணிக்கு மச்சாள். இவர் வர மாட்டார் போல

பெரியக்கா: அவரைக் கூப்பிடேல்லை. அத்தான் வேணும். மண்டபத்துச் சாவி அவரிட்டை

நான்: அத்தானின்ர பிக்கப்தானே இழுக்கும்

பெரியக்கா: தெரியும்

சனி, காலை 7:40

நான்: மாமா, ரயர் நாலும் காத்தில்லை. ஒண்டைக் கழட்டிப் பாக்கவோ?

சின்ன மாமா: நில்! சில்லில ரெண்டு வட்டம் நட் இருக்கும். உள் வட்டம் சில்லை ஹப்போட பிடிக்கிறது. றிம்முக்குக் கிட்ட வெளி வட்டம், ரெண்டு பாதி றிம்மையும் ஒண்டாப் பிடிக்கிறது. ரயருக்குள்ள காத்து இருக்கேக்க வெளி வட்டத்தைத் தளர்த்தினா றிம் வெடிச்சு ஆள் போகும். அதுக்காகத்தான் ஆமி அந்த நட்டுக்குச் சிவப்புப் பூசினது. உன்ர சில்லில பெயின்ற் போயிருக்கும், நிறத்தை நம்பாதை. சப்பையாத் தெரிஞ்சாலும் முதல்ல வால்வ் ஊசியைக் கழட்டு. உள் வட்டத்தை மட்டும் தொடு

அம்மா: தம்பி அதைத் தொடாதை அப்பு

சின்ன மாமா: தொடாமல் எப்பிடி அக்கா கொண்டு வாறது

நான்: பின் இடது சில்லு சுத்துதில்லை

சின்ன மாமா: பிறேக் கட்டை ட்றம்மோட ஒட்டியிருக்கு. அட்ஜஸ்ரரைப் பின்னுக்குத் தளர்த்து, ட்றம் விளிம்பைச் சுத்திச் சுத்தித் தட்டு. ஒரே இடத்தில குத்தினா வார்ப்பிரும்பு வெடிக்கும். விடேல்லை எண்டா முக்கால் அங்குல பிளைவூட்டில பாத்திரம் கழுவுற சோப்பை ஊத்தி, ஜக்கியால தூக்கிச் சில்லுக்குக் கீழ வை. சுத்தாத சில்லும் வழுக்கிக்கொண்டு வரும். கியரும் நியூட்ரல், முன் பின் அச்சுக்குப் பிரிச்சுக் குடுக்கிற ட்ரான்ஸ்ஃபர் கேசும் நியூட்ரல். பம்பரில கொழுவாதை, சசியில கொழுவு

அத்தான்: என்ர ட்றெயிலர் 7,000 இறாத்தல். காணும்தானே?

சின்ன மாமா: காணாது. அதில ட்றெயிலரின்ர சொந்தப் பாரம் 2,000 போனா மிச்சம் 5,000. லொறி மட்டும் கிட்டத்தட்ட 5,000, அதோட ரக்கூன் குடும்பம். 10,000 இறாத்தல் வாடகைக்கு எடும். உம்மட சாதாரண கார் லைசென்சுக்கு, ஜீ லைசென்சுக்கு, ட்றெயிலர் சாமானோட 4,600 கிலோவைத் தாண்டக்கூடாது, இது தாண்டாது. எஞ்சின் பாரம் முழுக்க முன்னுக்கு, அதால முன் சில்லு ட்றெயிலர் அச்சைக் கொஞ்சம் தாண்டி நிக்க வேணும். பின்பாரம் கூடினா 401 ஹைவேயில வால் ஆட்டும்

அத்தான்: 7ஆம் ரோட்டால வாறன்

பெரியக்கா: நீங்கள் போறதெண்டு ஆர் சொன்னது

குட்டி: அண்ணா பொனெற் பக்கத்தில நம்பர் இருக்கும். பெயின்ற்றைச் சுரண்டிப் பார்

சின்ன மாமா: சுரண்டுறது இல்லை பிள்ளை! தண்ணியில நனைச்ச 600 நம்பர் சாண்ட்பேப்பர். உள்ளங்கை அளவு இடம், அழுத்தாமல், வட்டமா. மேல் நிறம் போய் அடுத்தது தெரிஞ்ச உடன நிப்பாட்டிப் படம். பேந்துதான் அடுத்த அடுக்கு. நம்பர் ஏதாவது ஒரு அடுக்கிலதான் இருக்கும், அவசரப்பட்டா அதையும் சேர்த்து உரஞ்சிடுவியள்

நான்: மேல சிவப்பு. கீழ பச்சை. பச்சையில வெள்ளையா ஏதோ… சீ… இசட்… பேந்து 4

குட்டி: சீஇசட்!!! 😱

சின்ன மாமா: இசட் எண்டா 15 ஹண்ட்ரட்வெயிற்றுக்கு மேற்படாத ட்ரக். முன்னுக்குச் சீ கனடாவுக்கு. அப்ப அது யுத்தக்கால நம்பர். போருக்குப் பிறகும் ஆமியில இருந்திருந்தா ரெண்டு இலக்கம், கோடு, அஞ்சு இலக்கம் எண்டு வேற அடுக்கில இருக்கும்

மாமி: மேல ஏன் சிவப்பு? தீயணைப்போ?

சின்ன மாமா: இருக்கலாம். மிச்சப்பட்டதுகளை வித்தபிறகு ஊர்வழிய அப்பிடியும் பாவிச்சவை. கிழவரே பூசியும் இருக்கலாம். முன் மட்காட்டுகளையும் பாக்க வேணும், நிறச் சதுரத்துக்குள்ள வெள்ளை இலக்கம் இருந்தா அது யூனிற் அடையாளம். அதை இண்டைக்குத் தேடாதை

குட்டி: ஒஷாவா எயார்போட்டில ஒன்ராறியோ ரெஜிமென்ற் மியூசியம் இருக்கு. ஓடுற ஆமி வாகனங்கள் வச்சிருக்கினம். கேக்கவோ?

சின்ன மாமா: கேள். டாஷ்போட்டில தகடு இருக்கும், சவர்க்காரத் தண்ணியும் பல்லுத் தூரிகையும் மட்டும், கம்பித் தூரிகை வேண்டாம். காகிதம் வச்சுப் பென்சிலால தேய்ச்சு எடு. தகட்டை ஆரும் மாத்தலாம். சசியில குத்தின நம்பர்தான் சாட்சி. அந்த நம்பரை எழுதி, மகளிட்டக் கையெழுத்து வாங்கி வா. வாய்ச்சொல்லில எடுத்தா பேந்து பதியேக்க வில்லங்கம்

பெரியக்கா: இது எங்க நிக்கப்போகுது?

பெரியக்கா: என்ர ட்றைவேயில மூண்டு வருசம் ஒரு படகு நிண்டது. அது ஆற்ற படகு எண்டு சொல்லவோ?

சின்ன மாமா: அது வேற

மாமி: வேற இல்லை

அம்மா: சண்டை பிடிக்காதேங்கோ. பிள்ளையின்ர நல்ல நாள்

அத்தான்: ஞாயிறு வெள்ளண்ண 4 மணிக்கு வெளிக்கிட்டா 10 மணிக்கு மண்டபத்தில நிப்பன்

பெரியக்கா: தண்ணி வாக்கிறது 9 மணி

அத்தான்: இண்டைக்கு மத்தியானம் போனா?

பெரியக்கா: பலகாரம்

சின்ன மாமா: தம்பி, வாடகை ட்றெயிலருக்கு 2 அஞ்சின்கீழ்பதினாறு அங்குலக் குண்டு, ட்றெயிலரைக் கொழுவுற ஹிச் குண்டு, வேணும். உம்மட பிக்கப்பில என்ன குண்டு?

அத்தான்: 2

சின்ன மாமா: ட்றெயிலரின்ர கொழுவி குண்டுக்கு மேல ஆடும், பள்ளத்தில விழுந்தா கழண்டிடும். கடை 9 மணிக்குத் திறக்கும், வாங்கும். 5/16 சங்கிலி, எழுபதாம் கிறேட், நாலு. அச்சில கட்டும், பொடியில கட்டாதையும்

அத்தான்: அப்ப இண்டைக்கு எண்டு முடிவோ?

பெரியக்கா: ஆரும் முடிவெடுக்கேல்லை

நான்: மகள் கேக்கிறா, வாறமோ இல்லையோ எண்டு. என்ன சொல்ல?

அம்மா: தேங்காய் துருவ ஒராள் வேணும்

குட்டி: மியூசியக்காரர் படம் அனுப்பட்டாம் 👍