புதுப்பிப்பு: காவ்காவ் ஆங்கில வாசிப்புப் பயிற்சி

வூஹானில் மேல்நிலைப் பள்ளி இறுதியாண்டு படிக்கும் ஒரு பெண்ணுக்கு இணையத்தில் ஆங்கிலம் சொல்லித் தருகிறேன், சீனாவின் கல்லூரி நுழைவுத் தேர்வான காவ்காவில் வாசிப்புப் பகுதிக்கு அவளுக்கு நேரமே போதவில்லை என்று முன்பு எழுதியிருந்தேன் இல்லையா, அதன் தொடர்ச்சி இது.

தாள் 150 மதிப்பெண், 2 மணி நேரம், வாசிப்புக்கு மட்டும் 50 மதிப்பெண். சொற்பட்டியல் மனப்பாடம் போதும் என்று சிலர் சொன்னீர்கள். போதாது. விடை சரியோ தப்போ, அதற்கு ஆதாரமான வரியைப் பென்சிலால் கோடிட்டுவிட்டுத்தான் அடுத்த கேள்வி என்று வைத்துக்கொண்டோம். முதலில் சலித்துக்கொண்டாள், அப்புறம் அவளே ஒன்றைப் பிடித்துவிட்டாள்: பத்தியில் உள்ள சொற்களை அப்படியே தூக்கிவந்து வைத்திருக்கும் விடைதான் பல நேரம் பொறி, சரியானது வேறு சொற்களில் ஒளிந்திருக்கிறது.

ஐந்து காலியிடங்களுக்கு ஏழு வாக்கியங்கள் தருவார்களே, அதில் நல்ல முன்னேற்றம். காலியிடத்துக்கு அடுத்த வரி 'தே' (they, அவர்கள் அல்லது அவை) என்று தொடங்கினால் முதலில் பன்மைப் பெயர்ச்சொல் உள்ள வாக்கியத்தைத் தேடுகிறாள்.

கேள்விகளோடு வரும் வாசிப்புப் பத்திகள் ஏ முதல் டி வரை நான்கு. ஏ பத்தி பெரும்பாலும் அறிவிப்பு, விளம்பரம், மளமளவென்று முடித்துவிடுகிறாள். டி பத்தியோடுதான் இன்னும் மல்லுக்கட்டு, ஆய்வுச் செய்தி வந்தால் முதல் வாக்கியத்திலேயே நின்றுவிடுகிறாள். கேள்விகளை முதலில் படிக்கலாம் என்று யாரோ சொன்ன யோசனையை இந்த வாரம் டி-யில் மட்டும் பார்க்கப்போகிறோம்.