கோழி செட்டும் ஆளுங்க வீடும்

குழு: தோட்டத்துச் சொந்தம்
ஞாயிறு

சித்தப்பா, காலை 7:12
எல்லாருக்கும் வணக்கமுங்க. மேக்கால விவசாயக் காட்டுல கறிக்கோழி செட்டு ஒண்ணு போடறமுங்க. 300-க்கு 24 அடி. புதன்கிழமை பூமி பூஜை. செட்டுச் சுவத்த ஒட்டியே ரெண்டு ரூமு, பண்ணையில நிக்கற ஆளுங்களுக்கு. எல்லாரும் வந்துருங்க.

பெரியம்மா, 7:20
ரொம்ப சந்தோசம் தம்பி. மாகாளியாத்தா துணையிருப்பா 🙏

ஈரோட்டு மாமா, 7:31
நல்லதுங்க மாப்ள. பஞ்சாயத்துல எழுதிக் குடுத்தாச்சுங்களா?

சித்தப்பா, 7:33
நம்ம காடு, நம்ம செட்டு. விவசாயந்தானுங்களே மாமா, அதுக்கு எதுக்குப் பர்மிசன்? சுத்துவட்டாரத்துல யாரும் வாங்குன மாதிரி தெரியலீங்க.

இன்ஜினியர் அக்கா, 7:50
சித்தப்பா, பூஜைய புதன்கிழமையே பண்ணுங்க. அஸ்திவாரத்துக்கு வானம் மட்டும் தோண்டீராதீங்க, ப்ளீஸ்.

300 x 24 = 7,200 சதுர அடி. கோழிக்கு 1.2 சதுர அடின்னு விட்டாலும் 6,000 கோழி நிக்கும். 5,000-த்தத் தாண்டுச்சுன்னா மாசு கட்டுப்பாட்டு வாரியத்துல கன்சென்ட்ங்கற அனுமதி வாங்கணும். கட்டறதுக்கு முன்னாடி ஒண்ணு, குஞ்சு எறக்கறதுக்கு முன்னாடி இன்னொண்ணு. பசுமைத் தீர்ப்பாயம் 2020-ல சொன்னதுக்கப்புறம் மத்திய வாரியம் 2021-ல வழிகாட்டுதல் போட்டாங்க. முந்தி லட்சம் கோழிக்கு மேல இருக்கறவங்கதான் இதப் பத்திக் கவலப்பட்டாங்க. இப்ப அப்படி இல்ல.

சித்தப்பா, 7:54
நெசமாவா கண்ணு. குஞ்சு குடுக்கற கம்பெனிக்காரங்க ஒண்ணுமே சொல்லலியே.

இன்ஜினியர் அக்கா, 7:58
இடத்துக்கும் கணக்கு இருக்குங்க சித்தப்பா. குடியிருப்புல இருந்து 500 மீட்டர். வாய்க்கால், ஆறு, குடிதண்ணி எடுக்கற இடம் இதுல இருந்தெல்லாம் 100 மீட்டர். உங்க செட்டுல இருந்து பிஏபி (பரம்பிக்குளம்-ஆழியாறு) பாசன வாய்க்கால் எவ்வளவு தூரம்?

சித்தப்பா, 8:01
அளந்து பாக்கல. கூப்புட்டாக் கேக்கற தூரம்.

தம்பி, 8:10
அக்கா, இப்ப சுயசான்று முறைல ஆன்லைன்லயே உடனே அனுமதி கிடைக்குதே. 2024 ஜூலைல ஆரம்பிச்சாங்க. நம்ம செட்டையும் அதுல போட முடியாதா?

இன்ஜினியர் அக்கா, 8:16
அது வீட்டு மனைக்குடா. 2,500 சதுர அடிக்குள்ள மனை, 3,500 சதுர அடிக்குள்ள வீடு, மேல ஒரு மாடி வரைக்கும். நம்மது ஏக்கர் கணக்குல இருக்கற காடு, அதுல கோழி செட்டு. அந்த வழில போகாது.

2019-ல வந்த ஒருங்கிணைந்த கட்டட விதிகள் கிராம ஊராட்சிக்கும் சேத்துத்தான். மொதல்ல நம்ம சர்வே நம்பர் திட்டப் பகுதிக்குள்ள வருதான்னு டிடிசிபி (நகர் ஊரமைப்பு) ஆபீஸ்ல கேக்கணும். உள்ள வந்தா மாஸ்டர் பிளான்ல என்ன மண்டலம்னு பாக்கணும். வேளாண் மண்டலம்னா பண்ணைக் கட்டடத்துக்கு இடம் உண்டு, ஆனா அனுமதியில்லாம கட்டறதுக்கு இல்ல. நேரா ஊராட்சி ஆபீஸ்ல பேசுங்க. பட்டா, சிட்டா, எஃப்எம்பி (நில அளவை வரைபடம்) எல்லாம் ஒவ்வொரு காப்பி எடுத்து வெச்சிருங்க.

சித்தி, 8:40
கண்ணு, நான் ஒண்ணு கேக்கறேன். பீகார்ப் பையன் சம்சாரத்தையும் கொழந்தையவும் கூட்டிட்டு வரேங்கறான். ஒரு வயசுக் கொழந்த. அந்த ரூமு அவங்களுக்குத்தான். செட்டுக்கு வாங்கற பர்மிசன்லயே அது அடங்கிருமல்லோ?

இன்ஜினியர் அக்கா, 8:52
அடங்காதுங்க சித்தி. மனுசங்க குடியிருக்கற கட்டடம்னு வரைபடத்துல தனியாக் காட்டணும்.

இன்னொண்ணும் சொல்லீர்றேன். இதுவரைக்கும் குடும்பத்துல யாருக்கும் சொன்னதில்ல. வேலைக்குச் சேந்த புதுசுல ஒரு பண்ணைக்கு நாந்தான் பிளான் போட்டேன். செலவு கம்மியாகும்னு செட்டுச் சுவத்தயே பொதுச் சுவராக்கி ரூமு வெச்சுக் குடுத்தேன். ஆறு மாசங்கழிச்சுப் போனா உள்ள நிக்க முடியல. எருவுல இருந்து வர்ற அம்மோனியா கண்ணக் கரிக்குது. அங்க ஒரு கைக்கொழந்தைக்கு ராத்திரியெல்லாம் மூச்சு இளைப்பு. அந்தம்மா என்னக் குத்தமே சொல்லல, டீ வெச்சுக் குடுத்தாங்க. அந்தச் சுவத்த வரைஞ்சது என் கை சித்தி. அதனாலதான் காலைல இருந்து இத்தன மெசேஜ் போட்டுட்டு இருக்கறேன்.

பெரியம்மா, 8:57
அழுகாத சாமி.

சித்தி, 9:05
வேண்டாங்க அந்த ரூமு. கெணத்து மேட்டுல சாளை வீட்டுக்குப் பக்கமா எடம் சும்மாத்தான கெடக்குது. அங்க கட்டிக் குடுக்கலாம். காத்து நல்லா வரும்.

சித்தப்பா, 9:09
செலவு கூட ஆகும். ஆனாப் பரவால்ல, கட்டலாம். 10-க்கு 10 போதுமா கண்ணு?

இன்ஜினியர் அக்கா, 9:14
பத்தாதுங்க சித்தப்பா. ஒத்த ரூமுன்னா தேசிய கட்டட நெறிமுறைல குறைஞ்சது 9.5 சதுர மீட்டர், அதாவது 102 சதுர அடி. 10-க்கு 12 போடுங்க. உயரம் 9 அடி. எதிரெதிர்ல ஜன்னல். சமையலுக்குத் தனியாத் தடுப்பு. கக்கூஸ் கண்டிப்பா வேணும். ஆனா கெணத்து மேடுங்கறதால அந்தக் குழியக் கெணத்துல இருந்து 60 அடியாவது தள்ளித் தோண்டணும். அந்தத் தண்ணியத்தான் எல்லாருமே குடிக்கறோம்.

ஈரோட்டு மாமா, 9:22
மாப்ள, கெணத்து மோட்டார் இலவச கரண்ட் சர்வீஸ்ல இருந்து அந்த வீட்டுக்கு லைன் இழுத்துப் போடாதீங்க. செட்டுக்குமே இழுக்கக் கூடாதுங்க. ரெண்டுக்கும் தனித்தனியா ஈபில எழுதிக் குடுங்க. புடிச்சா அபராதம், மோட்டார் கனெக்சனும் போயிரும்.

சித்தப்பா, 9:25
சரிங்க மாமா.

சித்தப்பா, மாலை 5:46
பையனும் நானும் டேப்பு புடிச்சு அளந்தோம். வாய்க்கால்ல இருந்து 82 மீட்டர்தான் வருது.

இன்ஜினியர் அக்கா, 5:49
அப்ப கெழக்க தள்ளணுங்க சித்தப்பா. இன்னும் 18 மீட்டர் வேணும், 25-ஆவே தள்ளீருங்க. அந்தப் பக்கம் வேலில இருந்து 10 மீட்டர் விடறதுக்கு இடம் இருக்குதா?

சித்தப்பா, 5:53
இருக்குது. ஆனா நடுவுல ரெண்டு வேப்பமரம் நிக்குது.

பெரியம்மா, 5:54
வேப்பமரத்த வெட்டாத தம்பி. உங்கப்பா வெச்சது.

இன்ஜினியர் அக்கா, 6:02
வெட்ட வேண்டாங்க பெரியம்மா. செட்டு நீளம் கெழக்க மேக்கத்தான இருக்கணும், அப்பத்தான் வெயில் உள்ள அடிக்காது. அந்த வாக்குலயே கொஞ்சம் வடக்க ஏத்தி வெச்சா மரம் தப்பிக்கும். புதன்கிழமை பூஜைக்கு வரப்பவே நான் டேப்பும் முளைக்குச்சியும் கொண்டு வரேன். வியாழக்கிழமை நாம ரெண்டு பேரும் ஊராட்சி ஆபீஸ் போலாங்க சித்தப்பா.

சித்தப்பா, 6:05
வா கண்ணு. அந்தப் பையன்கிட்ட, வீடு முடிஞ்சதுக்கப்புறம் கொழந்தையக் கூட்டிட்டு வரச் சொல்லீர்றேன்.