ஏடிவி வண்டியில் இக்னிஷன் காயில் எங்கே இருக்கிறது?

கேள்வி (பாலிக் புலாவ், பினாங்கு): டுரியான் தோட்டத்தில் ஓட்டும் எங்கள் ஏடிவி (கரடுமுரடான பாதையில் ஓடும் நான்கு சக்கர வண்டி), மழைக்குப் பிறகு ஸ்பார்க் இல்லாமல் நின்றுவிட்டது. ஸ்பார்க்குக்கு உயர் மின்னழுத்தம் தரும் இக்னிஷன் காயிலைக் கண்டுபிடித்துச் சோதிப்பது எப்படி?

பதில் (ஜார்ஜ்டவுன்): ஐயா, ஸ்பார்க் பிளக் தொப்பியிலிருந்து கிளம்பும் தடித்த வயரைப் பிடித்துக்கொண்டே போனால், அது பெரும்பாலும் பெட்ரோல் டாங்கின் அடியில், சட்டத்தோடு போல்ட் போட்டிருக்கும் காயிலில்தான் முடியும். மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்துப் பார்த்தால், காயிலின் பிரைமரி (குறைந்த மின்னழுத்தக் கம்பிச்சுற்று) பொதுவாகச் சில ஓம்களுக்குள்ளும் செகண்டரி (உயர் மின்னழுத்தக் கம்பிச்சுற்று) பல ஆயிரம் ஓம்களாகவும் இருக்கும். சரியான எண்ணுக்கு உங்கள் மாடலின் சர்வீஸ் கையேட்டைத்தான் நம்ப வேண்டும்.

பதில் (பட்டர்வொர்த்): செகண்டரியை அளக்கும்முன் பிளக் தொப்பியைக் கழற்றிவிடுங்கள். அதற்குள் ரெசிஸ்டர் (மின்தடை) இருந்தால், பெரும்பாலும் 5,000 ஓம் கூட்டிக் காட்டும். மழை என்கிறீர்களே, காயிலைக் குறை சொல்லுமுன், அதைச் சட்டத்தோடு இணைக்கும் எர்த் போல்ட்டைக் கவனியுங்கள்.

கேட்டவர்: போல்ட்டின் அடியில் துருவும் செம்மண்ணும் அப்பியிருந்தன, சுரண்டித் துடைத்தபின் ஸ்பார்க் நீலமாக வருகிறது. நன்றி.