தனுஷ்கோடி ஸ்டேஷன் மாடல்: மணல் கறுத்துப்போகிறது

1964 டிசம்பர் புயல் கொண்டுபோன தனுஷ்கோடி ஸ்டேஷனை, அதற்கு முன் இருந்தபடி 1:87 அளவில் செய்துகொண்டிருக்கிறேன். மீட்டர் கேஜ் (ஒரு மீட்டர் அகல) பாதை என்பதால் 12 மி.மீ. இடைவெளித் தண்டவாளம், அடியில் பிளைவுட். கட்டடமும் பிளாட்பாரமும் திருப்தியாக வந்துவிட்டன. சிக்கல் மணலில்தான்.

சலித்த கடல்மணலைத் தண்ணீர் கலந்த வெள்ளைப் பசையால் ஒட்டுகிறேன். நன்றாகக் காய்ந்த பிறகும் ஈரம் போகாத மாதிரி கறுத்தே நிற்கிறது. தண்டவாள ஓரமாகப் பொருக்குத் தட்டி விரல் பட்டால் பெயர்கிறது. அந்த வெளிர்மணல் வராவிட்டால் அது தனுஷ்கோடியே இல்லை.

பசையை இன்னும் நீர்க்கவிட்டுப் பார்த்தேன். முதலில் ஸ்பிரிட் தெளித்தும், மணலை நன்னீரில் அலசி உப்பெடுத்தும் பார்த்தேன். மேலே வெளிர் பெயின்ட் ஊதினால் மணலின் சொரசொரப்பே போய்விடுகிறது. பொங்கலிலிருந்து வேலை இதிலேயே நிற்கிறது. இருப்பது சென்னையில்.

நிறம் மாறாமல் மணலைப் பிடித்துக்கொள்ள எந்தப் பசை சரிவரும்?