பிரிந்த பிறகு எம்.எஸ்.வி.: ஏற்றமா, இறக்கமா?

வயலின்பித்தன்:
1965-இல் 'ஆயிரத்தில் ஒருவன்' வந்ததோடு எம்.எஸ்.விஸ்வநாதன் (எம்.எஸ்.வி.)–ராமமூர்த்தி இசையமைப்பாளர் ஜோடி பிரிந்தது. நஷ்டம் இரண்டு பேருக்கும்தான் என்பது என் கட்சி. ராமமூர்த்தி வயலின் குடும்பத்துப் பிள்ளை. சேர்ந்திருந்த காலத்துப் பாட்டுகளில் வயலின்கள் பாடகரின் குரலைத் தாங்கிப் பிடிக்கும். பிறகு அந்தக் கனம் குறைந்துவிட்டது.

மெட்டுக்காரன்:
என்ன அண்ணே, 'சிவந்த மண்' (1969) கேட்டதே இல்லையா? 'பட்டத்து ராணி'யில் சவுக்கு விழுகிறது, பாடகி எல்.ஆர்.ஈஸ்வரி வலியில் மூச்சை இழுக்கிறார், அடுத்த நொடி வாத்தியங்கள் பாய்ந்து வருகின்றன. அதில் எங்கே கனம் குறைந்தது? எம்.எஸ்.வி. தனியாக நூற்றுக்கணக்கான படங்கள் செய்தார். ராமமூர்த்தி தனியாகச் செய்தவை இருபதைக்கூட எட்டவில்லை.

வயலின்பித்தன்:
படக்கணக்கை வைத்தா சரக்கை எடை போடுவது? தயாரிப்பாளர்கள் எம்.எஸ்.வி. பக்கம் போனார்கள், அவ்வளவுதான். ராமமூர்த்தி தனியாகச் செய்த 'சாது மிரண்டால்' (1966) பாட்டுகளைக் கேட்டுவிட்டு வாருங்கள் தம்பி.

மெட்டுக்காரன்:
சரி, 1995-இல் 'எங்கிருந்தோ வந்தான்' படத்துக்கு மறுபடி சேர்ந்தார்களே, என்ன நடந்தது? ரகசியம் ராமமூர்த்தியிடம் இருந்திருந்தால் அப்போது வெளியே வந்திருக்க வேண்டாமா?

வயலின்பித்தன்:
முப்பது வருஷ இடைவெளி. கீபோர்டு ராஜ்யம் நடந்த காலம். வயலின்காரரை அங்கே உட்கார வைத்துவிட்டு மாயம் எங்கே என்று கேட்டால் எப்படி?

தாரா:
எம்.எஸ்.வி. தனியாளாக எப்போது இருந்தார் என்று இரண்டு பேரும் சொல்லுங்கள். ஜோசப் கிருஷ்ணா, ஹென்றி டேனியல் போன்ற உதவியாளர்கள் கூடவே இருந்தார்கள். எனக்குப் பெரிதாகப் படுவது 1986: 'மெல்லத் திறந்தது கதவு'. பெரும்பாலான மெட்டு இவருடையது, வாத்திய அமைப்பு இளையராஜாவுடையது. தன்னைவிடப் பதினைந்து வயது இளையவரிடம் மெட்டைக் கொடுத்துவிட்டு ஒதுங்கி நிற்பது லேசா?

வயலின்பித்தன்:
கையில் படங்கள் குறைந்ததால் வந்த ஏற்பாடு அம்மா அது. ஐம்பத்தெட்டு வயதில் வேறு வழி?

தாரா:
'சங்கமம்' (1999) படத்தில் ரகுமான் மெட்டுக்கு 'ஆலால கண்டா' பாடினாரே, அதுவும் வழியில்லாமலா? எழுபது வயதில் குரல் நடுங்குவதை மறைக்கக்கூட முயலவில்லை. இசையமைப்பாளர் என்ற வீறாப்பு இருந்தால் அப்படிப் பாட வராது.

வயலின்பித்தன்:
அந்தப் பாட்டு எனக்கும் உயிர். ஆனால் பாருங்கள், பேச்சு மறுபடி எம்.எஸ்.வி.யிடமே போய்விட்டது. ராமமூர்த்தி தனியாகச் செய்த ஒரு பாட்டையாவது என்னைத் தவிர யாராவது சொன்னீர்களா?